எட்டு மேகசின்களும் ஒரு குழியும்

துப்பாக்கி சுடும் மைதானத்தைப் பார்த்துக்கொள்கிறவனுக்குக் குறி பார்த்துச் சுடத் தெரிய வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஒரே வாக்கியத்தை ஒரே குரலில் ஆயிரம் தடவை சொல்லத் தெரிந்தால் போதும். படியில் நிற்காதீர்கள் என்று சொல்லிக் களைத்த கண்டக்டர்களே, ஊசி போட்ட இடத்தைத் தேய்க்காதீர்கள் என்று சொல்லிக் களைத்த நர்ஸம்மாக்களே, ஈரக் கையால் சுவிட்சைத் தொடாதீர்கள் என்று சொல்லிக் களைத்த எலெக்ட்ரீஷியன்களே, நான் உங்கள் கட்சி. நாம் சொன்னதற்கெல்லாம் நன்றாகத் தலையாட்டிவிட்டு, தலையாட்டி முடித்ததும் அதையே செய்கிறவர்களோடு காலம் தள்ளியவர்கள் நாம்.

எழுபதுகளின் கடைசியில், ராணுவ ஆயுதக் கிடங்கு வேலையிலிருந்து ஓய்வு பெற்று வந்த எனக்கு, கொடைக்கானலுக்கு வெளியே ஒரு சிறிய ரைபிள் கிளப்பில் வேலை கிடைத்தது. வாட்டில் மரங்களுக்கு நடுவே ஒரு பள்ளம். ஒரு முனையில் தகரக் கூரைக் கொட்டகை. எட்டுப் பேர் வரிசையாகப் படுத்துச் சுடலாம். ஐம்பது கஜம் தள்ளி மறுமுனையில் ஒரு மண்மேடு. மேட்டின் அடியில் ஆள் உயரத்துக்கு ஒரு குழி. குழிக்குள் இருக்கிற ஆளுக்கு மார்க்கர் என்று பெயர். எட்டு இலக்குப் பலகைகளை மேலே ஏற்றுவதும், சுட்டு முடிந்ததும் கீழே இறக்கி அட்டைகளைக் கழற்றுவதும், அவற்றை எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு நடந்து வருவதும் அவர் வேலை. அதாவது ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு மனிதர் குழியை விட்டு வெளியே வந்து, எட்டுத் துப்பாக்கிகளை நோக்கி ஐம்பது கஜம் நடக்க வேண்டும். நான் சொல்லப்போவது எல்லாமே அந்த ஐம்பது கஜத்தைப் பற்றித்தான்.

மேகசின் என்பது என்ன என்று தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ரைபிளின் அடியில் செருகுகிற சின்னத் தகரப் பெட்டி அது. தீப்பெட்டியை நிமிர்த்தி வைத்த மாதிரி இருக்கும். உள்ளே ஒரு ஸ்பிரிங், ஸ்பிரிங்கின் தலையில் ஒரு தட்டு, தட்டின் மேல் ஒன்றன் மேல் ஒன்றாக ஐந்து தோட்டாக்கள். குழலின் பின்வாயை மூடித் திறக்கிற கைப்பிடித் தண்டுதான் போல்ட்; அதை இழுத்துத் தள்ளினால் மேலே உள்ள தோட்டா குழலுக்குள் போகும். ஸ்பிரிங் அடுத்ததை மேலே தூக்கிக் கொடுக்கும். சுட்டு முடித்தவர்கள் மேகசினைக் கழற்ற வேண்டும், போல்ட்டைத் திறந்து வைக்க வேண்டும், மேகசினைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்த பச்சைக் கம்பளியில் வைக்க வேண்டும். எட்டு ரைபிள், எட்டு மேகசின். நான் எண்ணி முடிக்கும்வரை குழியிலிருந்து யாரும் வெளியே வரக் கூடாது.

முன்னால் நடக்கிற ஆள்

எனக்கு முன்பு இருந்தவர் காலத்து மார்க்கர் ஒரே நாளில் வேலையை விட்டவர். அட்டைகளோடு பாதி தூரம் வந்தபோது கொட்டகையில் ஒரு வெடிச் சத்தம் கேட்டதாம். யாருக்கும் அடிபடவில்லை. அவர் அட்டைகளை அங்கேயே புல்லில் வைத்துவிட்டு நேராக பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துவிட்டார். அவருக்குப் பதிலாக நான் பிடித்து வந்தவர் யாகப்பன். மிஷன் பங்களா ஒன்றில் தோட்ட வேலை, ஐம்பது வயது, சனிக்கிழமை அங்கே லீவு. அந்தப் பழைய கதை ஊர் முழுக்கத் தெரியும் என்பதால் அவருக்கும் தெரியும். நான் எண்ணுகிற முறையை விளக்கினேன். கம்பளியைக் காட்டினேன். ராணுவத்து இரும்புத் தொப்பி ஒன்று வைத்திருந்தேன்; அதைத் தலையில் வைத்து வாரை இழுத்துக் கட்டியும் விட்டேன்.

யாகப்பன் தொப்பியைக் கழற்றி, உள்பக்கம் திருப்பிப் பார்த்து, விரலால் தட்டினார். தட்டிய சத்தம் அவருக்குப் பிடிக்கவில்லை. "இது குண்டைத் தடுக்குமாங்க?" என்றார். கல்லும் மண்ணும் தெறித்தால் தடுக்கும், நேராக வருகிற குண்டைத் தடுக்காது என்று உண்மையைச் சொன்னேன். மண்மேட்டைப் பார்த்தார். தொப்பியை மறுபடி போட்டுக்கொண்டு சொன்னார்: "பெட்டியை எண்ணிட்டு நீங்க முன்னால நடந்து வாங்கய்யா. துப்பாக்கிக்கு முதுகைக் காட்டிக்கிட்டு குழி வரைக்கும் வாங்க. உங்களுக்கு ஒண்ணும் ஆகலைன்னா நான் வெளியே வர்றேன்."

உறைந்த எண்ணெய்

அன்றிலிருந்து ஒவ்வொரு சுற்றிலும் முதலில் நடப்பவன் நான். நம் முதுகு வெளியே தெரிய ஆரம்பித்தால் மேகசின் மேல் வருகிற அக்கறையே தனி. முதல் குளிர்காலத்தில், மேல்மலைக் கிராமமான பூண்டியிலிருந்து பெருமாள் வந்து சேர்ந்தார். வெள்ளைப்பூண்டும் கேரட்டும் போடுகிற விவசாயி; பயிர்ப் பாதுகாப்புக்கென்று லைசென்ஸ் வாங்கிய சொந்த ரைபிள் வைத்திருந்தார். அதைக் கைக்குழந்தை மாதிரி துண்டில் சுற்றிக் கொண்டுவருவார். ஒரு சனிக்கிழமை இரண்டு தோட்டா சுட்டதும் அவருடைய ரைபிள் நின்றுவிட்டது. மூன்றாவது தோட்டா பாதி ஏறி, மூக்கைக் கீழே தொங்கவிட்டுக்கொண்டு சிக்கியிருந்தது. ரைபிள் சிக்கினால் மனிதர்கள் செய்கிற முதல் காரியம் அதை உலுக்குவது. இரண்டாவது, உலுக்கிக்கொண்டே பக்கத்தில் இருப்பவரிடம் திருப்பிக் காட்டுவது. பெருமாள் இரண்டையும் செய்தார். குழலின் வாய் ஏழு பேரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வந்தது. நான் அதைப் பிடித்து மண்மேட்டுப் பக்கம் திருப்பி, மேகசினை உருவியபோது என் விரல் வழுக்கியது.

உள்ளே வெள்ளையாக, மெழுகு ஊற்றிய மாதிரி இருந்தது. தேங்காய் எண்ணெய். ஸ்பிரிங்குக்கு நல்லது என்று முந்தின நாள் வெயிலில் வைத்துத் தாராளமாக ஊற்றியிருக்கிறார். மலைக்குக் கீழே வத்தலக்குண்டிலே அது எண்ணெயாகவே இருந்திருக்கும். பூண்டியின் விடியற்காலையில் கல்லாகிவிட்டது. தட்டு அதில் புதைந்துவிட்டது. மேகசினைப் பிரித்து, மண்ணெண்ணெயில் கழுவி, காய்ந்த துணியால் துடைத்து, அதற்கென்று இருக்கிற மெல்லிய எண்ணெயைத் துணியில் தொட்டுப் பேருக்கு ஒரு தடவை தடவிக் காட்டினேன். எண்ணெய் கண்ணுக்குத் தெரிந்தால் அதிகம், விரலுக்கு மட்டும் தெரிந்தால் சரி என்றேன். பெருமாள் கவனமாகக் கேட்டார், தலையாட்டினார். பிறகு மனத்தாங்கலோடு சொன்னார்: "மனுசன் தலைக்கே ஒத்துக்கிற எண்ணெய்ங்க. தகரத்துக்கு ஒத்துக்கலைன்னா தகரத்துல ஏதோ கோளாறு இருக்கும்."

கம்பளி உறை

எஸ்தர் டீச்சர் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை. எங்கள் கிளப்பில் அவர்தான் நல்ல குறி. ஆறாம் நம்பர் இடம் அவருக்கு என்று எழுதாத சட்டம். எட்டு மேகசின்களிலும் இனாமல் பெயிண்டால் நம்பர் எழுதிக் கொடுத்ததும் அவர்தான். ஒருவர் மேகசின் இன்னொருவர் ரைபிளுக்குப் போனால் சில சமயம் சரியாகப் பொருந்தாது. நம்பர் வந்தபின் அந்தத் தொல்லை ஒழிந்தது. அப்படிப்பட்டவர் கையிலேயே ஒரு நாள் தோட்டா ஏறவில்லை. போல்ட்டைத் தள்ளினார், வெறுமனே போனது. மறுபடி இழுத்துத் தள்ளினார், இரண்டு தோட்டாக்கள் ஒன்றாக வந்து முட்டிக்கொண்டன. தூண்டிலில் மாட்டிய மீன் மாதிரி ஒரு தோட்டா பாதி உள்ளே, பாதி வெளியே. அதை விரலால் தட்டி எடுக்கப் போனார். கையை எடுக்கச் சொல்லி, மேகசினை முதலில் கழற்றி, ஒரு குச்சியால் அதை வெளியே தள்ளினேன்.

மேகசினைப் பிரித்தேன். ஸ்பிரிங் முழுவதும் சிவப்புக் கம்பளி இழை சுற்றியிருந்தது, ராட்டையில் சுற்றின மாதிரி. விசாரித்தால், குளிரில் இரும்பு வியர்த்துத் துருப் பிடிக்கிறதே என்று அவரே பின்னல் ஊசியும் கம்பளி நூலும் எடுத்து மேகசினுக்கு உறை பின்னியிருக்கிறார். அவருடையதற்கு மட்டும் இல்லை. எட்டுக்கும் எட்டு நிறத்தில் பின்னி, அடுத்த வாரம் எல்லாருக்கும் கொடுப்பதாக இருந்தார். மேகசின் வாய் திறந்திருக்கிற பெட்டி, இழை விடுகிற எதையும் அதன் பக்கத்தில் கொண்டுவராதீர்கள், மூடி போட்ட காய்ந்த டப்பாவே போதும் என்று எவ்வளவு பணிவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு பணிவாகச் சொன்னேன். டீச்சர் பையிலிருந்த மற்ற ஏழு உறைகளையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "டீ கெட்டிலுக்குப் போடறோம், வெந்நீர் பாட்டிலுக்குப் போடறோம். இந்த ஊரில் இதுக்கு மட்டும் போடக் கூடாதுன்னா எப்படி சார்?"

காதுப் பஞ்சு

சிறிய ரைபிள்தான், ஆனால் தகரக் கூரையின் கீழே எட்டும் சேர்ந்து வெடித்தால் சாயங்காலம் வரை காதில் வண்டு ரீங்காரமிடும். பஞ்சை லேசாக வாசலினில் தோய்த்து, உருட்டி, காதில் வைத்துக்கொள்ளச் சொல்லுவேன். பாதிப் பேர் வெறும் பஞ்சை ஒப்புக்குச் செருகுவார்கள். காலித் தோட்டாவைக் காதில் சொருகிக்கொண்ட ஒருவரையும் பார்த்திருக்கிறேன். அதை வெளியே எடுக்க டாக்டரிடம் போக வேண்டியிருந்தது. ஒழுங்காக, அளவாக, நான் காட்டியபடியே வைத்துக்கொண்டவர் பெருமாள் ஒருவர்தான். எண்ணெய் விவகாரத்துக்குப் பிறகு என் பேச்சை அட்சரம் பிசகாமல் கேட்பது என்று முடிவு செய்திருந்தார்.

ஒரு நாள் சுற்றின் நடுவில் காற்று அடித்து மூன்றாம் நம்பர் பலகை சாய்ந்தது. யாகப்பன் குழிக்குள்ளிருந்து சிவப்புக் கொடியை நீட்டினார். சுடாதே என்று அதற்கு அர்த்தம். நான் விசில் ஊதினேன். ஏழு பேர் நிறுத்தினார்கள். யாகப்பன் பலகையைப் பிடிக்கக் கையை மேலே நீட்டினார். அப்போது பெருமாள் நிதானமாக, மூச்சை அடக்கி, அழகாக ஒரு குண்டு சுட்டார். அவர் சுட்டது அவருடைய நான்காம் நம்பர் பலகையில்தான், நடுவிலேதான். ஆனால் மூன்றுக்கும் நாலுக்கும் இடையே இரண்டு அடிதான். யாகப்பனின் கை உள்ளே போய்விட்டது. கொடி மட்டும் ஆடாமல் நின்றது. நான் ஓடிப்போய்ப் பெருமாள் தோளைத் தொட்டேன். அப்போதுதான் திரும்பிப் பார்த்தார். அன்றே புதுப் பழக்கம் ஏற்பட்டது: விசில் கேட்டவர் தான் நிறுத்தினால் மட்டும் போதாது, பக்கத்தில் இருப்பவர் தோளையும் தொட வேண்டும். அதை எல்லாருக்கும் இரண்டு தடவை சொன்னேன். பெருமாள் ஒரு காதிலிருந்து பஞ்சை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நியாயம் கேட்டார்: "காதைப் பொத்துன்னு சொன்னதும் நீங்க. ஏன் கேக்கலைன்னு சத்தம் போடறதும் நீங்க. ரெண்டுல ஒண்ணைச் சொல்லுங்க, செய்யறேன்."

மேனேஜரின் கண்ணாடி

வத்தலக்குண்டில் ஒரு பட்டறையில், சாணைக்கல் முன்னால் போடுகிற தடித்த கண்ணாடிகள் எட்டு வாங்கி வந்திருந்தேன். மூடுபனியில் அவை நிமிஷத்தில் பூத்துப்போகும். உலர்ந்த சோப்பை லேசாகத் தேய்த்துத் துணியால் துடைத்தால் ஒரு சுற்று வரை தெளிவாக இருக்கும். இதையும் சொல்லிக் கொடுத்தேன். காப்பி எஸ்டேட் மேனேஜர் சுந்தரம் மட்டும் அதை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத்தான் சுடுவார். கண்ணாடி போட்டால் இலக்கு தெரியவில்லை என்பார்; போடாதபோதும் அவருடைய குண்டுகள் பலகையின் ஓரத்தைத்தான் தேடிப்போகும் என்பது வேறு விஷயம். ஒரு சனிக்கிழமை அவருடைய வீட்டம்மா கேமராவோடு வந்திருந்தார். போட்டோவுக்கு எடுப்பாக இருக்கட்டும் என்று அன்றைக்கு மட்டும் சுந்தரம் கண்ணாடியைக் கண்ணில் போட்டுக்கொண்டார்.

இரண்டாவது தோட்டாவில் சத்தம் வேறு மாதிரி வந்தது. தோட்டாவின் பித்தளை அடிப்பாகம் கிழிந்து, புகையும் துகளும் பின்பக்கமாகச் சீறிவிட்டன. சுந்தரம் ரைபிளை விட்டுவிட்டு இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு எழுந்தார். வீட்டம்மா கேமராவைக் கீழே போட்டுவிட்டார். நான் முதலில் விசில் ஊதினேன், ரைபிளிலிருந்து மேகசினைக் கழற்றினேன், அப்புறம்தான் அவர் முகத்தைப் பார்த்தேன். அந்த வரிசைக்காக அந்த அம்மாள் என்னைக் கடைசி வரை மன்னிக்கவில்லை. ஆனால் மேகசினில் மூன்று தோட்டாக்கள் இருந்தன, குழிக்குள் ஒரு ஆள் இருந்தார். மெதுவாகச் சுந்தரத்தின் கைகளை விலக்கினேன். கன்னத்தில் ஒரு கரும்புள்ளி. வலது கண்ணுக்கு நேராக, கண்ணாடியில் ஒரு அங்குல நீளத்துக்கு ஆழமான கீறல். அவர் கண்ணாடியைக் கழற்றி, வெளிச்சத்தில் பிடித்து, கீறலை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். "என்னங்க இது, ஸ்கிராட்ச் ஆன பீஸைக் கொடுத்திருக்கீங்க? வேற நல்லது இல்லையா?"

ஏழு

அந்த வருஷக் கோடையில் ஒரு நாள் கம்பளியில் ஏழு மேகசின்கள்தான் இருந்தன. மறுபடி எண்ணினேன். ஏழு. இரண்டாம் நம்பரைக் காணோம். இரண்டாம் நம்பர் ரைபிள் அங்கேயே இருந்தது, போல்ட் திறந்தபடி. சுட்ட மேனேஜர் சுந்தரத்தைத்தான் காணோம். விருந்தாளிகள் வந்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு வெரசாக ஜீப்பில் கிளம்பிவிட்டார் என்றார் எஸ்தர் டீச்சர். கொட்டகை, புல், பெஞ்சுக்கு அடி, எல்லாருடைய பை, எல்லா இடத்திலும் தேடினோம். எங்கே இருக்கிறது என்று தெரியாத மேகசின் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம் என்பது என் கணக்கு. எட்டு என்று எண்ணாமல் நான் நடக்கப் போவதில்லை. நான் நடக்காமல் யாகப்பன் வெளியே வரக் கூடாது. பெருமாள் மோட்டார் பைக்கை எடுத்துக்கொண்டு மலைப்பாதையில் இறங்கினார்.

மழை பிடித்துக்கொண்டது. குழிக்குள்ளிருந்து ஒவ்வொரு கால் மணிக்கும் என்னவாயிற்று என்று குரல் வரும். இன்னும் ஏழுதான் என்று நான் பதில் கொடுப்பேன். ஒன்றரை மணி நேரம் கழித்துப் பெருமாள் நனைந்து வந்தார். வத்தலக்குண்டு ரோட்டில் உள்ள வெள்ளி நீர்வீழ்ச்சியில் விருந்தாளிகளோடு நின்றுகொண்டிருந்த சுந்தரத்தின் கோட்டுப் பையில், கைக்குட்டைக்கு அடியில் இருந்ததாம், இரண்டு தோட்டாக்களோடு. நான் எட்டு என்று எண்ணி முடித்து, முதுகைக் காட்டி நடந்து, குழியை எட்டிப் பார்த்தேன். யாகப்பன் இரும்புத் தொப்பியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்திருந்தார். கணுக்கால் வரை தண்ணீர். நடந்ததை நான் சொன்னதும் நிமிர்ந்து பார்த்தார். "துப்பாக்கி இங்க கெடக்கு, பெட்டி வத்தலக்குண்டு ரோட்டுல போகுது. துப்பாக்கியும் பெட்டியும் ஊரு விட்டு ஊரு இருக்கையில நான் எதுக்குய்யா தண்ணியில கெடக்கேன்?"

சாரல் அடித்த சனிக்கிழமை

ஐப்பசியில் ஒரு நாள். மழை என்று சொல்ல முடியாது, பனி என்றும் சொல்ல முடியாது. பக்கவாட்டில் பொடிப்பொடியாக அடிக்கிற சாரல். கூரை இருந்தும் பயனில்லை, ரைபிள்கள் எல்லாம் நனைந்துகொண்டிருந்தன. சுற்று முடிந்ததும் எல்லாரும் வழக்கப்படி போல்ட்டைத் திறக்கப் போனார்கள். திறந்தால் சாரல் குழலுக்குள்ளே போகும், திங்கட்கிழமை துருவை நான்தான் சுரண்ட வேண்டும். "இன்னைக்கு போல்ட்டைத் திறக்காதீங்க. மேகசினை மட்டும் கழற்றிக் கொண்டாந்து வைங்க. வெளிப்பக்கத்தை உடனே துடைச்சிருங்க" என்று உரக்கச் சொன்னேன். எல்லாரும் தலையாட்டினார்கள். வாழ்க்கையில் ஒரே தடவையாக, எல்லாரும் சொன்னபடியே செய்தார்கள். எட்டு மேகசின்களும் கம்பளிக்கு வந்தன. ஒவ்வொன்றையும் எடுத்து வாயைப் பார்த்தேன், காலி. தட்டை அழுத்திப் பார்த்தேன். ஸ்பிரிங் நன்றாகத் துள்ளியது. நம்பர் வரிசையில் அடுக்கி, முதுகைக் காட்டி நடந்தேன்.

பாதி தூரம் போயிருப்பேன். குழியிலிருந்து குரல் வந்தது. "அய்யா, அங்கேயே நில்லுங்க. ஆறாம் நம்பர்ல நாலு ஓட்டைதான் இருக்கு."

"ஒண்ணு வெளியே போயிருக்கும்" என்றேன்.

"டீச்சருக்கா?" என்றார் யாகப்பன்.

எஸ்தர் டீச்சருக்குக் குண்டு ஓரத்தில் பட்டாலே அன்று முழுக்க முகம் வாடியிருக்கும். பலகையையே தவற விட்டு நான் பார்த்ததில்லை. சுடாத ஒரு தோட்டா இருக்கிறது. மேகசினில் இல்லை, அதை நானே அழுத்திப் பார்த்தேன். அப்படியானால் அது ஒரே ஓர் இடத்தில்தான் இருக்க முடியும்: மூடிய போல்ட்டுக்கு முன்னால், குழலுக்குள்ளே. திரும்பிப் பார்த்தேன். சாரலில் கொட்டகை மங்கலாகத் தெரிந்தது. ஆறாம் இடத்தில் டீச்சர் மண்டியிட்டு, நான் சொன்னபடியே ரைபிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். துணி குழலிலிருந்து கீழே இறங்கி, விசைப் பக்கமாக வந்துகொண்டிருந்தது.

கத்தலாம்; ஆனால் இப்போது டீச்சர் காதிலும் பஞ்சு, நான் சொல்லிக் கொடுத்தபடி நன்றாக அடைத்த பஞ்சு. விசிலை எடுத்து வாயில் வைத்தேன். ஊதவில்லை. திடுக்கிட்டு விரல் இறுகினால் என்ன ஆகும் என்று தோன்றியது. இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு, ஆறாம் நம்பருக்கு நேரிலிருந்து விலகிப் பக்கவாட்டில் ஒவ்வோர் அடியாக நகர்ந்தேன். ஈரப் புல், செருப்பு வழுக்குகிறது. கொட்டகையில் மேனேஜர் சுந்தரம் என்னைப் பார்த்தார். தூக்கிய கையைப் பார்த்து, அவரும் கையைத் தூக்கி எனக்கு ஆட்டினார். அப்போது என் பின்னாலிருந்து யாகப்பனின் கொடி மேலே ஏறியிருக்க வேண்டும். ஏனென்றால் பெருமாள் நிமிர்ந்து என்னைத் தாண்டிப் பார்த்தார், முகம் மாறியது, மெல்லக் கையை நீட்டி டீச்சரின் தோளைத் தொட்டார். டீச்சர் துணியை விட்டார். ரைபிளை விட்டுக் கையை எடுத்தார். கொடியைப் பார்த்தார்.

கொட்டகைக்கு எப்படி ஓடினேன் என்று தெரியாது. ஆறாம் நம்பர் போல்ட்டை நானே இழுத்தேன். முழுத் தோட்டா ஒன்று துள்ளிக் கம்பளியில் விழுந்து, வரிசையாக இருந்த மேகசின்களுக்குப் பக்கத்தில் உருண்டு நின்றது. "நான் அஞ்சும் சுட்டேன் சார்" என்றார் டீச்சர். "அஞ்சாவது சத்தம் எனக்குக் கேட்டுச்சு."

பெருமாள் காதிலிருந்து பஞ்சை எடுத்தார். "அது என்னோட சத்தமா இருக்கும் டீச்சர். கடைசிக் குண்டு நாம ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் விசையைத் தொட்டோம்னு நெனச்சேன்."

எட்டு போல்ட்டுகளையும் திறக்கச் சொல்லி, எட்டுக் குழலிலும் கம்பி விட்டுப் பார்த்துவிட்டு, மறுபடி நடந்தேன். யாகப்பன் குழியிலிருந்து ஏறி வந்தார். வழக்கமாக எனக்குப் பின்னால் வருபவர், அன்றைக்கு என் பக்கத்திலேயே வந்தார். கொட்டகையில் டீச்சர் பெஞ்சில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். போல்ட்டை மூடச் சொன்னது நான்தான், உங்கள் தப்பு இல்லை என்று அவரிடம் எல்லார் முன்னாலும் சொன்னேன். யாகப்பன் அட்டைகளைக் கீழே வைத்தார். பளபளவென்று வரிசையாக இருந்த எட்டு மேகசின்களையும், பக்கத்தில் கிடந்த தோட்டாவையும், கையிலிருந்த ஆறாம் நம்பர் அட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்க பெட்டியை எண்றீங்க, நான் ஓட்டையை எண்றேன். குண்டை எண்றதுக்கு நமக்கு இன்னொரு ஆள் வேணும் போலய்யா."

மேகசினை எப்படிப் பராமரிப்பது என்று இப்போதும் யாராவது என்னிடம் கேட்டால், அதை முதலில் ஓர் ஓரமாக வைத்துவிட்டு ரைபிளைத் திறந்து பாருங்கள் என்றுதான் பாடத்தை ஆரம்பிக்கிறேன், அவர்களும் நன்றாகத் தலையாட்டுகிறார்கள்.